ஆண்டு நிறைவு: தமிழர் வீட்டில் முதல் பிறந்தநாளின் வரலாறு

குழந்தை பிறந்து ஓராண்டு முடிவதை ஒட்டித் தமிழர் வீடுகளில் நிகழும் சடங்குக்கு ‘ஆண்டு நிறைவு’ என்பது பழம்பெயர். வைதிக மரபைப் பின்பற்றும் குடும்பங்கள் அதனையே ‘அப்த பூர்த்தி’ என்று வழங்குகின்றன. அப்தம் என்பது ஆண்டையும் பூர்த்தி என்பது நிறைவையும் குறிக்கும் வடசொற்கள். இவ்விரு பெயர்களிலும் பிறப்பைச் சுட்டும் சொல் இல்லை என்பதும், இரண்டுமே ஒரு காலம் கடந்து முடிந்ததை மட்டும் சொல்கின்றன என்பதும் இச்சடங்கின் வரலாற்றை அறிய முற்படுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியவை. இன்று முதன்முறையாகக் குழந்தையின் பிறந்தநாள் விழாவுக்கு ஆயத்தமாகும் இளம் பெற்றோர் நாள், இடம், செலவு, அழைக்க வேண்டியவர்கள், பரிமாற வேண்டிய உணவு ஆகிய அனைத்தையும் தாமே முடிவு செய்ய வேண்டியவர்களாக இருக்கிறார்கள். ஆனால் மூன்று தலைமுறைகளுக்கு முன்புவரை இவற்றுள் பெரும்பாலானவை பெற்றோரின் முடிவுக்கு விடப்பட்டவை அல்ல. நாளைப் பஞ்சாங்கமும், இடத்தைக் குலதெய்வமும், பொருளைத் தாய்மாமனும், விருந்தினரை உறவுமுறையும் தீர்மானித்தன. பெற்றோர் திட்டமிட்டு நடத்தும் விழாவாக முதல் பிறந்தநாள் மாறியதே இச்சடங்கின் வரலாற்றில் நேர்ந்த பெரிய மாற்றம். கேக்கும் மெழுகுவத்தியும் அம்மாற்றத்தின் புற அடையாளங்கள்.

தமிழ் இலக்கணத்தில் பிறந்தநாள் முதன்முதலில் அரசனுக்கு உரியதாகவே காணப்படுகிறது. தலைவனின் சிறப்பைப் பாடும் பாடாண்திணையின் துறைகளைத் தொகுத்துரைக்கும் இடத்தில், தொல்காப்பியப் புறத்திணையியல் பிறந்தநாளில் நிகழும் ‘பெருமங்கலம்’ என்பதையும் சேர்த்துக் கூறுகிறது. அந்நாளில் அரசன் சினம் நீங்கியிருப்பான் என்பது நூற்பாவின் கருத்து. அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், சிறைப்பட்டோரை விடுவித்தல், போரையும் கொலையையும் நிறுத்தி வைத்தல், வரியைத் தள்ளுபடி செய்தல், வேண்டியோர்க்கு வேண்டியவற்றைக் கொடுத்தல் ஆகியவற்றை அந்நாளின் செயல்களாக விரித்துரைக்கிறார். புறப்பொருள் வெண்பாமாலை இதனை ‘நாண்மங்கலம்’ என்று அழைக்கிறது. அரசன் அன்று வெண்ணிற ஆடையும் அணியும் பூண்டதால் ‘வெள்ளணி’ என்ற பெயரும் வழங்கிற்று. பிறந்தநாள் என்பது பெறும் நாளாக அன்றிக் கொடுக்கும் நாளாகவே தமிழில் முதலில் வரையறுக்கப்பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

இப்பெயர்களில் வரும் ‘நாள்’ என்ற சொல்லும் விளக்கத்துக்கு உரியது. பழந்தமிழில் நாள் என்பது பகலும் இரவும் சேர்ந்த ஒரு பொழுதை மட்டுமன்றி விண்மீனையும் குறிக்கும்; நாள்மீன் என்றால் நட்சத்திரம், கோள்மீன் என்றால் கிரகம், ‘நாளும் கோளும்’ என்று இன்றும் வழங்கும் தொடர் அவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வது. ஆகவே பிறந்தநாள் என்பது பிறந்த தேதி அன்று. குழந்தை பிறந்தபோது நிலவு எந்த விண்மீனை ஒட்டி நின்றதோ, அதே மாதத்தில் அவ்விண்மீன் மீண்டும் வரும் நாளே பிறந்தநாள். முதலாம் இராசராசன் ஐப்பசிச் சதயத்தாலும் முதலாம் இராசேந்திரன் ஆடித் திருவாதிரையாலும் நினைவுகூரப்படுவது இதனால்தான். சோழர் காலக் கல்வெட்டுகள் அரசர்களின் பிறந்த விண்மீன்களில் கோயில்களில் விழா எடுப்பதற்கு நிலமும் நெல்லும் ஒதுக்கியதைப் பதிவு செய்துள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் ஆண்டுதோறும் நடைபெறும் சதய விழா அவ்வழக்கத்தின் இன்றைய வடிவம்.

விண்மீன் கணக்கு ஆங்கிலத் தேதியோடு ஒத்துப்போகாத காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நிலவு ஒரு விண்மீனிலிருந்து புறப்பட்டு அதே விண்மீனை அடைய ஏறத்தாழ 27.3 நாட்கள் ஆகின்றன. தமிழ் மாதமோ 29 முதல் 32 நாட்கள் வரை நீள்கிறது. எனவே ஒரே மாதத்தில் ஒரு விண்மீன் இருமுறை வருவதுண்டு, அப்போது பெரும்பாலும் பின்னதையே கொள்வர். நிலவின் பதின்மூன்று சுற்றுகளுக்கு 355 நாட்களும் பதினான்கு சுற்றுகளுக்கு 382 நாட்களும் ஆவதால், குழந்தையின் முதல் பிறந்தநாள் ஆங்கிலத் தேதிக்குப் பத்து நாட்கள் முன்பாகவோ பதினேழு நாட்கள் பின்பாகவோ அமையும். ஒரே குழந்தைக்கு வீட்டில் நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்றும் பள்ளியில் தேதிப் பிறந்தநாள் ஒன்றும் என இரண்டு இருப்பதற்கு இக்கணக்கே அடிப்படை.

அரசர்க்கு உரிய பிறந்தநாளைப் பற்றி இவ்வளவு பேசும் பழைய நூல்கள், ஒரு சாதாரணக் குழந்தையின் ஓராண்டு நிறைவைத் தனியே குறிப்பதில்லை. அதற்கு மாறாகக் குழந்தையின் உடலில் அணிவிக்கப்பட்டவற்றையும், அதன் உடல் கற்றுக்கொண்டவற்றையும் அவை நுட்பமாகச் சொல்கின்றன. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்னும் ஐந்து படைக்கலங்களின் வடிவம் பொறித்துக் குழந்தையின் காவலுக்காகக் கழுத்தில் அணிவித்த அணி ‘ஐம்படைத் தாலி’ எனப்பட்டது. அகநானூற்றின் 54ஆம் பாடலில் பொன் தாலி அணிந்த தன் மகனோடு விளையாட நிலவை ஒரு தாய் அழைக்கிறாள். புறநானூற்றின் 77ஆம் பாடலில், தலையாலங்கானத்துப் போரில் வென்ற இளம் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் இடைக்குன்றூர் கிழார், அவன் இன்னும் தாலியைக் களையவில்லை என்றும், பால் குடிப்பதை விட்டு இன்றுதான் சோறு உண்டான் என்றும் கூறுகிறார். போருக்கு வந்தவன் வயதில் எவ்வளவு சிறியவன் என்பதை உணர்த்தப் புலவர் ஆண்டுகளை எண்ணிச் சொல்லவில்லை. தாலி, பால், சோறு ஆகியவற்றாலேயே அளந்து காட்டுகிறார். வயதை எண்ணால் அன்றி நிலையால் அறிந்த ஒரு சமூகத்தின் குரல் அது.

இந்த நோக்கு முழு வடிவம் பெற்ற இலக்கிய வகை பிள்ளைத்தமிழ். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களில் பருவத்துக்குப் பத்துப் பாடல்களாகப் பாடும் இவ்வகையில், இரண்டாம் குலோத்துங்கன் மீது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடியது நமக்குக் கிடைத்துள்ள பழைய நூல். அதற்கும் முன்பே பெரியாழ்வார் கண்ணனின் குழந்தைப் பருவங்களைப் பாடி இதற்கு வழி வகுத்திருந்தார். பாட்டியல் நூல்கள், அதாவது சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் கூறும் நூல்கள், இப்பருவங்களுக்கு மாதக் கணக்கும் தருகின்றன. நூலுக்கு நூல் சிறிது வேறுபட்டாலும், பரவலாக ஏற்கப்பட்ட முறைப்படி 3ஆம் மாதம் தெய்வங்களின் காவலை வேண்டும் காப்பு. 5ஆம் மாதம் ஒரு காலை மடக்கிக் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. 7ஆம் மாதம் நாவசைத்தலோடு கூடிய தாலாட்டாகிய தால். 9ஆம் மாதம் கைகொட்டும் சப்பாணி. 11ஆம் மாதம் முத்தம். 13ஆம் மாதம் தளர்நடையிட்டு வரும்படி அழைக்கும் வருகை. 15ஆம் மாதம் அம்புலி எனத் தொடர்ந்து 21ஆம் மாதத்தில் பருவங்கள் முடிகின்றன. பன்னிரண்டாம் மாத நிறைவுக்கு இவ்வரிசையில் தனிப் பருவம் கிடையாது. முத்தத்துக்கும் வருகைக்கும் இடையே, குழந்தை நிற்கவும் நடக்கவும் முயலும் வேளையில், ஆண்டு ஓசையின்றிக் கடந்துபோகிறது. குழந்தையின் வளர்ச்சியை இவ்வளவு அன்போடு மாதம் மாதமாகக் கவனித்த இலக்கியம் உலகில் அரிது. குழந்தை கவிழ்ந்தாலும் தவழ்ந்தாலும் பல் முளைத்தாலும் வாசற்படி தாண்டினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகாரம் செய்து அண்டை வீடுகளுக்குக் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் இருப்பது, அதே கவனத்தின் வீட்டு வடிவம். கொழுக்கட்டையா அடையா பாயசமா என்பது ஊருக்கு ஊர் மாறும். எந்த நிலையும் விடுபடாது என்பதில் மாற்றமில்லை.

ஓராண்டு நிறைவு சடங்காக உருப்பெற்றதற்கான காரணம் துயரமானது. பிறந்த குழந்தைகளில் கணிசமானவை அவ்வாண்டுக்குள்ளேயே இறந்துபோன காலம் மிக நீண்டது. தமிழ்நாட்டில் ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்புகள் 1971இல்கூட 113ஆக இருந்தன. அதற்கு முந்தைய தலைமுறைகளின் நிலை இதனினும் கொடியது. அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், பின்னர்ப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் ‘குப்புசாமி’, ‘குப்பம்மாள்’ என்றும், பிறருக்குத் தவிட்டுக்கு விற்று வாங்குவது போலவோ பிச்சையாகப் பெறுவது போலவோ ஒரு செயலை நிகழ்த்திப் ‘பிச்சை’ என்றும் பெயர் வைத்தாள். மதிப்பற்ற பொருள்போல் காட்டினால் எமன் கண்ணில் படாது என்பது அதன் உட்கருத்து. குழந்தையின் அழகைப் புகழ்வது கண்ணேறு ஆகும் என்று அஞ்சிய, கன்னத்தில் மைப்பொட்டு இட்டு அழகைக் குறைத்துக் காட்டிய அச்சமூகத்தில், ஆண்டு முடியும் முன்பே ஊரைக் கூட்டிக் கொண்டாடும் துணிவு எவர்க்கும் இருந்திருக்க இயலாது. ஆண்டு நிறைந்தபின் செய்யப்பட்டது, அதனால், கொண்டாட்டம் என்பதைவிடக் கடன் தீர்த்தல் என்பதே பொருந்தும். பேறுகாலத்திலும் காய்ச்சலிலும் வைசூரியிலும் நேர்ந்துகொண்ட வேண்டுதல்களைத் தெய்வத்துக்குச் செலுத்தும் நாளாகவே அது அமைந்தது.

தமிழ் மரபில் ஒரு மனிதனின் வாழ்நாளில் முதல் ஆண்டு நிறைவுக்குப் பின் அடுத்துச் சிறப்பாகக் குறிக்கப்பட்டது அறுபதாம் ஆண்டு நிறைவே என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பிரபவ முதல் அட்சய வரையான அறுபது ஆண்டுப் பெயர்களும் ஒரு சுற்று முடிந்து பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வருவதைச் சட்டியப்த பூர்த்தியாகத் திருக்கடையூர் முதலிய இடங்களில் நிகழ்த்துகிறார்கள். இடைப்பட்ட ஐம்பத்தொன்பது ஆண்டுகளில் பிறந்த விண்மீன் வரும் நாளில் எண்ணெய் தேய்த்து நீராடுவதும் கோயிலில் அருச்சனை செய்வதும் பாயசம் வைப்பதும் போதுமானவையாக இருந்தன. அறுபது ஆண்டுச் சுற்றைக் கொண்ட கொரிய மக்களிடையிலும் முதல் பிறந்தநாளும் அறுபதாம் பிறந்தநாளுமே பெருவிழாக்களாக விளங்கியது தொடர்பைக் காட்டாவிடினும் ஒத்த காரணத்தைக் காட்டுகிறது: பிழைத்துவிட்டான் என்று சொல்லும் நாள் ஒன்று, முழுமையாக வாழ்ந்துவிட்டான் என்று சொல்லும் நாள் மற்றொன்று.

முதல் ஆண்டு நிறைவில் செலுத்தப்பட்ட வேண்டுதல்களுள் தலையாயது முடியிறக்கம். கருவில் வளர்ந்த முடியைப் பிறந்த ஆண்டிலோ ஒற்றைப்படை ஆண்டுகளிலோ குலதெய்வத்தின் முன் மழித்துக் காணிக்கையாக்குவது இதன் முறை. குலதெய்வம் என்பது தந்தை வழியினர் தலைமுறைகளாக வழிபடும் தெய்வம். குடும்பம் எங்கே குடியேறியிருந்தாலும் அக்கோயில் பெரும்பாலும் மூதாதையர் ஊரின் எல்லையிலோ கண்மாய்க் கரையிலோ இருக்கும். எனவே முதல் முடியிறக்கம் என்பது குழந்தையை அதன் முன்னோரின் மண்ணுக்கு முதன்முறையாக அழைத்துச் செல்லும் பயணமாகவும் இருந்தது. பழனி, திருச்செந்தூர், சமயபுரம், திருத்தணி, வைத்தீசுவரன்கோயில் ஆகிய தலங்களிலும் இக்காணிக்கை செலுத்தப்படுகிறது. வேளாங்கண்ணியிலும் நாகூர் தர்காவிலும் சமய வேறுபாடின்றி மக்கள் குழந்தைகளுக்கு முடியிறக்குகிறார்கள். முசுலிம்கள் குழந்தை பிறந்த ஏழாம் நாளில் முடி மழித்து அதன் எடைக்கு நிகரான வெள்ளியின் மதிப்பைத் தருமம் செய்வதும் அடங்கிய ‘அகீகா’வும், கிறித்தவர்களின் திருமுழுக்கும் வேறு நம்பிக்கைகளிலிருந்து பிறந்தவை எனினும், குழந்தையை ஒரு சமூகம் தன்னுடையதாக ஏற்கும் செயல்கள் என்ற வகையில் இவற்றோடு உறவுடையன.

முடியிறக்கியவரைப் பற்றி எழுத்துப் பதிவுகள் போதிய அளவு பேசவில்லை. மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்பட்ட சமூகத்தின் பெண்களே ஊர்களில் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிகளாக இருந்தார்கள். அதே குடும்பத்து ஆண்கள் அக்குழந்தைக்கு முதல் முடி இறக்கினார்கள். ஒரு குழந்தையின் முதல் ஆண்டைத் தொடங்கி வைத்ததும் முடித்து வைத்ததும் அவர்களுடைய கைகளே. அறுவடைக் களத்தில் அளந்து கொடுக்கப்பட்ட நெல்லே அவர்களுக்குக் கூலியாக இருந்தது; மதிப்பு அதனினும் குறைவாகவே கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் முடியிறக்கக் கட்டணம் 2021இல் நீக்கப்பட்டு, அப்பணியாளர்க்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது அந்த நெடுங்கணக்கில் காலந்தாழ்ந்து எழுதப்பட்ட ஒரு வரவு.

முடி இறக்கிச் சந்தனம் பூசிய பின் நிகழ்வது காதுகுத்து. சுசுருத சம்கிதை ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், குழந்தையை மடியில் வைத்து விளையாட்டுப் பொருள்களால் கவனத்தைத் திருப்பி, ஆண் குழந்தைக்கு முதலில் வலக் காதையும் பெண் குழந்தைக்கு முதலில் இடக் காதையும் குத்த வேண்டும் என்று விதிக்கிறது; காவலும் அழகும் அதன் நோக்கங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் அம்மடி தாய்மாமனுடையது. அக்கா அல்லது தங்கையின் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு அவர் அமர, பொற்கொல்லராகிய ஆசாரி மெல்லிய தங்கக் கம்பியால் காது குத்துவார். அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் உறவுமுறை நிலவிய சமூகத்தில், தாய்மாமன் என்பவர் குழந்தையின் வருங்கால மாமனாராகவும் ஆகக் கூடியவர். அவர் கொண்டுவரும் சீர், அதாவது புத்தாடை, கம்மல் அல்லது கடுக்கன், அரைஞாண், கொலுசு, பழம், இனிப்பு ஆகியவை அடுக்கிய தட்டுகளின் வரிசை, பாசத்தோடு உரிமையையும் அறிவிப்பது. பிறந்த வீட்டில் சொத்துப் பங்கு கிடைக்காத பெண்ணுக்கு, அவ்வீட்டின் செல்வத்தில் ஒரு பகுதி சடங்குதோறும் சீராக வந்து சேர்ந்தது என்று இதனைப் புரிந்துகொள்வதே சரியாகும். தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை 1989இல் சட்டமானது. சீர்த்தட்டுகளின் எண்ணிக்கை அதன்பின் குறையாமல் கூடியதற்கு மதிப்புப் போட்டியே காரணம். உடன்பிறந்த ஆண் இல்லாத பெண்ணின் குழந்தைக்கு அம்முறையுடைய மற்றொருவர் மடி கொடுப்பார். மடி இல்லாமல் காது குத்தப்படுவதில்லை.

யாழ்ப்பாணத் தமிழரிடையே இதே காலக்கட்டத்தில் நிகழும் சிறப்பான சடங்கு பல்லுக்கொழுக்கட்டை. குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும், பல்லைப் போன்று வெட்டிய தேங்காய்ச் சொட்டுகளைச் செருகிய கொழுக்கட்டைகளை அவித்து, வெள்ளைத் துணியில் இருத்திய குழந்தையின் தலைமீது மெல்லச் சொரிவார்கள். குழந்தையின் முன்னே புத்தகம், பேனா, நகை முதலிய பொருள்களைப் பரப்பி, அது எதைத் தொடுகிறது என்பதைக் கொண்டு அதன் வருங்காலத்தைக் குறிப்பார்கள். சீனாவில் ஓராண்டு நிறைந்த குழந்தையின் முன் இவ்வாறே பொருள்களைப் பரப்பி வைக்கும் வழக்கத்தை 6ஆம் நூற்றாண்டு அறிஞர் யான் சிதுய் தம் குடும்ப அறிவுரை நூலில் விவரித்துள்ளார். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் டொரொண்டோவிலும் இலண்டனிலும் பல்லுக்கொழுக்கட்டையை இன்றும் விடாமல் நடத்துகிறார்கள். பொருள்களின் வரிசையில் கணினியும் மருத்துவரின் மார்பொலிமானியும் சேர்ந்துள்ளன.

விண்மீனின் இடத்தைத் தேதி பிடித்தது அரசு ஆவணங்களின் வழியாக. சென்னை மாகாணத்துக்கான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1969இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. ஆயினும் சிற்றூர்களில் பெரும்பாலோர்க்குத் தேதி பள்ளியில்தான் கிடைத்தது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொட முடிந்த குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்ததாகக் கொண்டு, பள்ளி திறக்கும் காலத்துக்கு ஏற்ற ஒரு தேதியைத் தலைமையாசிரியரே பதிவேட்டில் எழுதிய தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கிறது. பெருவெள்ளம் வந்த ஆண்டு, இன்ன கோயில் குடமுழுக்குக்கு மறுமாதம் என்று தாய் நினைவில் வைத்திருந்த பிறப்பும், பதிவேட்டில் உள்ள பிறப்பும் வெவ்வேறாயின. 2023 அக்டோபர் முதல் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்கான ஆவணமாக ஏற்கப்படும் நிலையில், தேதியின் ஆட்சி முழுமை பெற்றுவிட்டது.

கேக்கும் மெழுகுவத்தியும் செருமானிய நாட்டு வழக்கமாக 18ஆம் நூற்றாண்டில் பதிவாகியுள்ளன. மொராவிய சபைத் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபுவின் 1746ஆம் ஆண்டுப் பிறந்தநாளில் அவருடைய வயதின் எண்ணிக்கைக்கு ஏற்ப மெழுகுவத்திகள் கேக்கில் வைக்கப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. குழந்தைகளுக்கான பிறந்தநாள் விழாவாக அங்கே வளர்ந்த இவ்வழக்கம் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. இன்று உலகெங்கும் பாடப்படும் ஆங்கில வாழ்த்துப் பாட்டின் மெட்டு, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்த பாட்டி ஹில், இசையமைப்பாளராக இருந்த மில்ட்ரெட் ஹில் என்னும் சகோதரிகள் 1893இல் வெளியிட்ட காலை வணக்கப் பாடலுக்கு உரியது. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் தொடங்கிக் கான்வென்ட் பள்ளிகள் வழியாகச் சென்னையின் வசதியுள்ள குடும்பங்களை இவ்வழக்கம் எட்டியது. அவர்களைக் காட்டிய திரைப்படங்கள் பிறந்தநாள் விருந்தைச் செல்வ வாழ்வின் அடையாளமாக்கி ஊரெங்கும் கொண்டுசேர்த்தன. 1966இல் வெளியான ‘நாம் மூவர்’ படத்தின் பிறந்தநாள் பாடல் இன்றும் மண்டபங்களில் ஒலிக்கிறது. சிறு நகரங்கள்தோறும் பேக்கரிகள் பெருகி, முட்டை சேர்க்காத கேக்கும் கிடைக்கத் தொடங்கியபின் மரக்கறிக் குடும்பங்களுக்கும் தடை நீங்கியது.

ஒன்றில் மட்டும் தயக்கம் தொடர்ந்தது. விளக்கை ‘அணைத்தல்’ என்று சொல்லவே அஞ்சி, ‘குளிர வைத்தல்’ என்றும் ‘மலையேற்றுதல்’ என்றும் வழங்கும் மொழி தமிழ். வாயால் ஊதாமல் பூவின் காம்பாலோ ஒரு துளிப் பாலாலோ சுடரை அமர்த்துவது வீட்டு முறை. பிறந்தநாள் அன்று சுடரை ஊதி அணைப்பது மூத்தோர்க்கு மனவருத்தம் தந்தது இயல்பே. குத்துவிளக்கு ஏற்றிவிட்டுக் கேக் வெட்டும் குடும்பங்களும், மெழுகுவத்தியை விலக்கிவிட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலத்தி சுற்றும் குடும்பங்களும் கண்டுள்ள தீர்வுகள் பாராட்டத்தக்கவை. குழந்தை கேக்கில் கையை நுழைத்து முகமெங்கும் பூசிக்கொள்வதை இன்று படம் பிடித்து மகிழ்கிறார்கள். நெய்ச் சோற்றைத் தொட்டும் துழாவியும் மேலெல்லாம் சிதறிக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்வு பயனற்றது என்று பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188ஆம் பாடலில் கூறியிருப்பதால், அம்மகிழ்ச்சி இம்மண்ணுக்குப் புதிதன்று.

தமிழ்நாட்டின் சிசு இறப்பு 2020இல் ஆயிரத்துக்கு 13ஆகக் குறைந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் தடுப்பூசியும் மருத்துவமனைப் பேறும் சேர்ந்து நிகழ்த்திய இச்சாதனையே, ஆண்டு நிறைவை அச்சம் நீங்கிய கொண்டாட்டமாக மாற்றியது. பிழைத்தது என்ற நன்றிக்கு இருந்த இடத்தை மகிழ்ச்சி எடுத்துக்கொண்டது குறித்து வருந்த எதுவுமில்லை. வருந்த வேண்டியது வேறு. பழைய சடங்குகள் காலைப்பொழுதில், குழந்தை பசியாறி விழித்திருக்கும் வேளையில், நெருங்கிய உறவின் மடியிலேயே நிகழ்ந்தன. அழுதால் தூக்கவும் தூங்கினால் கிடத்தவும் அங்கே பத்துக் கைகள் இருந்தன. அலுவலகம் முடிந்து விருந்தினர் வரும் மாலை ஏழு மணிக்கு, பலூன் வெடிக்கும் ஓசையிலும் ஒலிபெருக்கியிலும், உறக்கத்துக்கு ஏங்கும் ஒரு வயதுக் குழந்தையை மேடையில் நிறுத்தும் முறை பெரியவர்களின் வசதிக்காகவே அமைந்தது. வேலை தேடிச் சென்ற நகரத்தில், வாடகை வீட்டில், இருவர் மட்டுமாக நின்று முதல் விழாவைத் திட்டமிடும் பெற்றோரைக் குறைகூறுவது நியாயமன்று. அவர்களுக்குப் பஞ்சாங்கமும் குலதெய்வமும் தாய்மாமனும் செய்த வேலைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் தலைமேல் விழுந்துள்ளன. ஆயினும் காலை நேரத்தையும் தாய்மாமன் மடியையும் திரும்பப் பெறுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

இவ்வரலாற்றை எழுதுவதற்கு உதவும் நேரடிச் சான்றுகள் பெரும்பாலும் வீட்டுப் பரணில்தான் உள்ளன. காதணி விழா அழைப்பிதழ் ஒன்றில் தாத்தாவின் பெயர், ஊர், தொழில், முறை சொல்லி அழைக்கும் உறவினர் வரிசை, நாள், நட்சத்திரம், கோயில் ஆகிய அனைத்தும் அச்சாகியிருக்கும். மொய் நோட்டில், யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு எழுதினார் என்பது வரிவரியாக இருக்கும். எழுதியவர் வீட்டு விழாவில் அதனைக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் வட்டியில்லாக் கடன் ஏடாக அதனைப் பல ஆண்டுகள் காத்தார்கள். பணத்தின் மதிப்பு, உறவின் பரப்பு, ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவர்களின் தடம் ஆகியவற்றை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறு இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அவருடைய சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்கி வருகிறது. அவ்வாறு சேர்ப்பார் இல்லாத அழைப்பிதழ்களும் நோட்டுகளும் ஒவ்வொரு வீடு மாற்றத்தின்போதும் பழைய தாள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பரணில் அப்படி ஒரு கட்டு வைத்திருப்போர் அதனை எடைக்குப் போடாமல், குழந்தையின் முதல் பிறந்தநாளை முன்னிட்டாவது ஒருமுறை பிரித்துப் பார்த்து, அதிலுள்ள பெயர்கள் எவருடையவை என்று வீட்டின் மூத்தவரிடம் கேட்டு ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும்.